சைபருக்கு ஒரு ஓட்டை

"குச்சியைப் பாக்கெட்ல போட்டுக்கங்க மதாம். ஆட்டத்தை ஆரம்பிச்சிடலாம்" என்றார் முசியே லூர்து.

நானும் தனலட்சுமியும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். நான் காலைப் பூசைக்குக் கட்டிய புடவையோடு அப்படியே வந்திருந்தேன். அவள் சுடிதாரில் இருந்தாள். இரண்டு பேரிடமும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு பாக்கெட் கிடைக்காது.

"எங்களுக்கு ஏது பாக்கெட்டு?" என்று கேட்டுவிட்டு, சுண்டுவிரல் நீளமிருந்த அந்த மரக்குச்சியைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள் தனலட்சுமி. வேடிக்கை பார்க்க நின்ற ஆண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தண்ணீர் தெளித்த மண்ணின் வாசனையும் உதிர்ந்த வேப்பம்பூவின் வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அண்மையில்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு பங்குனி மாதம்.

போன வாரம் என் வீட்டுக்காரரின் மீசையைப் பற்றி எழுதினேன் அல்லவா, அவருக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. இந்த வாரமும் அவர் வருகிறார். நான் என்ன செய்வது? எதை எழுத உட்கார்ந்தாலும் மனிதர் நடுவில் வந்து நிற்கிறார்.

பாக்கெட்டில் இருக்கும் எண்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனவற்றில் ஒன்று இந்த விளையாட்டு. பெயர் பெத்தாங்க். முதலில் ஒரு சின்ன மரக்குண்டை வீசுவோம். எங்கள் மைதானத்தில் அதற்குக் 'குட்டி' என்று பெயர். பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் கனமான இரும்புக் குண்டுகளை அந்தக் குட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி போட வேண்டும். எதிராளியின் குண்டை அடித்துத் துரத்தவும் செய்யலாம். ஆளுக்கு மூன்று குண்டு; குட்டிக்குத் தள்ளி நிற்கிற கட்சிதான் அடுத்துப் போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் குட்டிக்கு மிகவும் கிட்டே யாருடைய குண்டு நிற்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட். அவர்களுடைய குண்டுகளில் எத்தனை, எதிராளியின் நல்ல குண்டைவிடக் கிட்டே இருக்கின்றனவோ அத்தனை பாயிண்ட். பதிமூன்றை முதலில் தொட்டவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்டால் சுலபமாக இருக்கும், ஆடிப் பாருங்கள்.

எங்கள் மைதானம் பெரிய வாய்க்காலை ஒட்டிய சரளை மண் திடல். அங்கே வேப்பமரத்தில் ஒரு தேக்குப் பலகை தொங்கும். அதில் இரண்டு வரிசை ஓட்டைகள், ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிலிருந்து பதிமூன்று வரை. பாயிண்ட் எடுக்க எடுக்கக் குச்சியை ஓட்டை ஓட்டையாக நகர்த்த வேண்டும்.

ஒன்றுக்கு முன்னால் ஓட்டை கிடையாது. இன்னும் பாயிண்டே எடுக்காதவரின் குச்சி அவர் பாக்கெட்டில் இருக்கும். காரணம் இருக்கிறது. எங்கள் மைதானத்தில் சைபரிலேயே தோற்றுப்போவதைவிடப் பெரிய மானக்கேடு இல்லை. அப்படித் தோற்றவர் அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து திடலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அந்தச் சைபரைப் பலகையில் வேறு எழுதி ஊருக்குக் காட்ட யார் சம்மதிப்பார்கள்?

நான் கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர புத்தி ஓய்வு பெறவில்லை. பலகையைப் பார்த்த முதல் நாளே, 'அட, இது இயல் எண்களின் பலகை' என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்விட்டு எண்ணும் எண்கள். ஆடு மாடு எண்ணவும், வந்த விருந்தாளிகளை எண்ணி உலையில் அரிசி போடவும் அவை போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முசியே லூர்து படித்த பிரெஞ்சுப் பள்ளியில் சைபரையும் இயல் எண்களோடு சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்களாம். நாங்கள் தமிழில் படித்தவர்கள் ஒன்றிலிருந்து தொடங்குவோம். சைபரைச் சேர்த்துக்கொண்டால் அதற்கு முழு எண்கள் என்று வேறு பெயர் வைப்போம். ஆனால் பிரெஞ்சில் படித்த அந்த மனிதர் காக்கும் பலகையில்தான் சைபர் இல்லை.

ஞாயிறு யாருக்கு?

தனலட்சுமி எங்களுக்குப் பின்வீட்டுக்காரி. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, உழவர்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

ஒரு நாள் எங்கள் மாமரத்தில் எட்டாத உயரத்தில் ஒரு காய் தொங்கியது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் தொரட்டியை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகக் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தார். "தள்ளுங்க சார்" என்று சொல்லி ஒரு கல்லை எடுத்தாள் தனலட்சுமி. கல் காம்பில் பட்டது. காய் என் மடியில் விழாத குறை.

"எங்க வயல்ல கிளி ஓட்டுனது நான்தான் டீச்சர்" என்றாள் கையைத் தட்டிக்கொண்டே. இந்தக் கை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட மட்டும் பிறந்த கை இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அந்தச் சமயத்தில் வீட்டுக்காரருக்குத் தோள்வலி. அவருடைய இரும்புக் குண்டுகள் கட்டிலுக்கடியில் சும்மா கிடந்தன. நான் எடுத்துக் கொல்லையில் போட்டுப் பார்த்தேன். பைத்தியம் பிடித்துக்கொண்டது. தனலட்சுமியையும் இழுத்துவிட்டேன். அவளுக்கு என்னைவிடப் பெரிய பைத்தியம் பிடித்தது.

கொல்லையில் எத்தனை நாள் ஆடுவது? கொய்யா மரத்து வேரில் குண்டு முட்டி முட்டித் திரும்பும். மைதானத்துக்குப் போகலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டதிலிருந்து மத்தியானம் வரை ஆண்கள் ராஜ்ஜியம். "பொம்பளைங்க வாரநாள்ல மத்தியானத்துல வந்து ஆடிக்கங்களேன், ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அந்த வெயிலில் காக்காய்கூட இருக்காது, மனுஷர் எப்படி இருப்பார்கள்?

எனக்கென்ன, நான் ஓய்வு பெற்றவள். எந்தக் கிழமையும் எனக்கு ஞாயிறுதான். தனலட்சுமிக்கு வாரத்தில் ஒரே நாள் லீவு. ஞாயிறு காலை கிடைக்காவிட்டால் அவளுக்கு ஆட்டமே இல்லை. "பரவால்ல டீச்சர், நீங்க போய் ஆடுங்க, நான் வந்து பார்க்குறேன்" என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நேரே முசியே லூர்துவிடம் போனேன். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து வந்த சொல்தா. வயதானாலும் முதுகு வளையாது. மைதானத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி வரைக்கும் எங்களுக்கு விடுங்க" என்று கேட்டேன்.

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மதாம், இது கேட்டு வாங்குற எடம் இல்ல. ஆடி வாங்குற எடம். நானும் ஒரு ஆளும் நிக்கிறோம். நீங்களும் ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. ஜெயிச்சா ஞாயிறு காலை உங்களுது. தோத்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்று கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் சேர்த்துக்கொண்ட அந்த ஒரு ஆள் என் வீட்டுக்காரர். தோள் சரியாகிவிட்டதாம்.

"முசியே கூப்புட்டா மாட்டேன்னா சொல்ல முடியும் பிலோ?" என்றார். பிலோமினா என்ற என் பெயரை அவர் பிலோ என்று சுருக்கினால் குற்றம் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

நாலு படி கீழே

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் முசியே புதிதாக ஒன்று சொன்னார். தானும் ஆரோக்கியமும் மைனஸ் நாலிலிருந்து தொடங்குவார்களாம். நாங்கள் வழக்கம்போலத் தொடங்கலாமாம்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்களுக்குச் சலுகை ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"சலுகை இல்ல மதாம். உங்களுக்கு நாலு பாயிண்ட் குடுத்தா, குடுத்த நாலுல ஜெயிச்சாங்கன்னு நாளைக்கு ஊரே பேசும். அது உங்களுக்கு மரியாதை இல்ல. நாங்க நாலு படி கீழ எறங்கி நிக்கிறோம். பழகுன கைக்கு அதுதான் மரியாதை."

தனலட்சுமி என் முந்தானையை இழுத்தாள். "வாங்கிக்கங்க டீச்சர். பந்தியில அப்பளம் கூட ஒண்ணு வச்சா வேணாம்னா சொல்றோம்?"

என் வீட்டுக்காரர் வேலையில் இருந்த காலத்தில் ஃபிட்டர். டிரில் மெஷினைக் கொண்டுவந்து, மேல்வரிசையில் ஒன்றுக்கு இடப்பக்கம் நாலு ஓட்டை போட்டார். பழைய ஓட்டைகளுக்கு நடுவே என்ன இடைவெளியோ அதே இடைவெளி, நூல் பிசகவில்லை. முசியே சிவப்பு பெயிண்டில் அவற்றுக்குக் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று எழுதினார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இயல் எண்களின் பலகை ஒரே சாயங்காலத்தில் முழுக்களின் பலகை ஆகிவிட்டது. முழுக்கள் என்றால் வேறொன்றுமில்லை. நாம் விரல்விட்டு எண்ணுகிற அதே எண்கள் வலப்பக்கம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஒன்று ஒன்றாகவே இருக்கும், பதிமூன்று பதிமூன்றாகவே இருக்கும். இடப்பக்கம் அவற்றின் எதிரெண்கள் வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் சைபர்.

அந்த நடுவில் இருப்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையே வரவில்லை என்று தெரியாமல் பந்தியில் உட்கார்ந்தவளைப்போல, பலகை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

யாருக்கும் வேண்டாத அட்டை

உபதேசம் என்று ஏன் சொன்னேன் என்றால், ஆறாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகம் எத்தனையோ முறை மாறியது. நான் நடத்தும் விதம் மாறவில்லை. மைனஸ் ஐந்து முதல் ஐந்து வரை அட்டைகளில் எழுதி, ஆளுக்கொன்று கொடுத்து, வராந்தாவில் வரிசையாக நிற்கவைப்பேன்.

மைனஸ் அட்டைக்குக்கூட அடித்துக்கொள்வார்கள். சைபர் அட்டையைத்தான் ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஒரு வருஷம் அது ஜெயந்தி என்ற பெண் கையில் போய்ச் சேர்ந்தது. "எனக்கு மட்டும் முட்டையா மிஸ்?" என்று கண்ணீர் விட்டு அழுதாள்.

"சரி, நீ தள்ளி நில்லு" என்றேன். அவள் நகர்ந்தாள். மற்றவர்கள் நெருங்கி நின்றார்கள். மைனஸ் இரண்டில் நின்ற பையனை வலப்பக்கம் இரண்டு ஆள் தள்ளிப் போகச் சொன்னேன். ஒன்றில் போய் நின்றான்.

"ஏண்டா, ரெண்டு கூடை மண்ணு எடுத்த பள்ளத்துல ரெண்டு கூடை மண்ணைத் திருப்பிக் கொட்டுனா தரை வருமா, மேடு வருமா?" என்று கேட்டேன். வகுப்பு யோசித்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து ஜெயந்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். அன்று முழுக்க அவள் அட்டையைக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பதிமூன்று

ஆட்டத்துக்கு வருகிறேன்.

தொடக்கத்தில் எங்கள் கைதான் ஓங்கியிருந்தது. தனலட்சுமி கொண்டையிலிருந்து குச்சியை உருவிப் பலகையில் வைத்தபோது மரத்தடியில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. முசியேயும் என் வீட்டுக்காரரும் மைனஸ் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தார்கள். மைனஸ் ஒன்றில் நின்றவர்கள் ஒரு பாயிண்ட் எடுத்து, அடுத்த ஓட்டைக்குக் குச்சியை நகர்த்தினார்கள். நான் அப்போது குட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களுக்குக் கை சூடேறிவிட்டது. முசியே குண்டைப் போட்டால் அது குட்டியின் மடியில் போய் உட்காரும். என் வீட்டுக்காரர் எங்கள் குண்டுகளை ஒவ்வொன்றாக அடித்து விரட்டினார்.

எங்கள் குச்சி பதினொன்றில் நின்றது. அவர்கள் ஒரு பாயிண்ட் எடுத்தார்கள். முசியே குச்சியை உருவிக் கடைசி ஓட்டையில் செருகினார்.

"பதிமூணு!"

கூட்டம் கை தட்டியது. விசிலடித்தார்கள். தனலட்சுமி குனிந்து குண்டுகளைத் துணியில் துடைக்க ஆரம்பித்தாள். அவிழ்ந்திருந்த கொண்டையை இன்னொரு கையால் சரிசெய்தாள். குச்சி இருந்த இடத்தை அவள் விரல் தடவியது.

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் குச்சி சைபரில் இருந்தபோது அவள் கொண்டையில் இருந்தது. அவர்கள் குச்சி சைபரில் இருந்தபோது எங்கே இருந்தது?

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பழகிய தொண்டை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"முசியே, உங்க குச்சி எப்போ பாக்கெட்டுக்குப் போச்சு?"

"என் குச்சியா? அது எதுக்குப் போகணும் மதாம்?"

"நாலு கீழருந்து கெளம்புனீங்க. மேல வரணும்னா நடுவுல சைபரைத் தொட்டுட்டுத்தான வரணும்? இங்க சைபர்னா குச்சி பாக்கெட்ல இருக்கணும். ஒரு தடவையாவது இருந்துச்சா?"

கூட்டத்திலிருந்து ஒருவர் சிரித்தார். "டீச்சரம்மா, சைபர்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா எடம்?"

"விடு பிலோ. தோத்தா ஒத்துக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போய் மரத்தோடு ஒட்டிக்கொண்டார்.

லிஃப்டில் ஒரு வாசல்

முசியே லூர்துவின் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவள் வீட்டு லிஃப்டில் முதல்முறை ஏறி, தப்பான பொத்தானை அழுத்தி, கார் நிறுத்துகிற இருட்டுப் பாதாளத்தில் மாட்டிக்கொண்ட கதையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் மைதானத்தில் யாரும் இல்லை. அந்தக் கதை அந்த நேரத்தில் எனக்கு எப்படி நினைவுக்கு வந்ததோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

"முசியே, உங்க மக வீட்டு லிஃப்ட்ல என்னென்ன பொத்தான் இருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க."

அந்தக் கதை என்றாலே அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "கீழருந்து சொல்றேன். மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு. அது ரெண்டும் கார் நிறுத்துற பாதாளம். அப்புறம்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம்?"

"சைபர்" என்றார் மெதுவாக. "ரெ-தெ-ஷோசே. தெருவுக்குப் போற வாசல்."

"மைனஸ் ஒண்ணுல ஏறி ஒரே ஒரு மாடி மேல வந்தா எங்க நிப்பீங்க?"

"வாசல்ல."

"உங்க பலகையில வாசலே இல்லையே முசியே. பாதாளத்துலருந்து நேரா முதல் மாடிக்குத் தாவிட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. முசியே பலகையிடம் போனார். மைனஸ் நாலில் விரலை வைத்து, ஓட்டை ஓட்டையாகத் தாண்டிப் பதிமூன்று வரை போனார். அவர் எண்ணினால் பிரெஞ்சில்தான் எண்ணுவார். கடைசியில் "ஸேஸ்" என்று உதடு அசைந்தது. பதினாறு. நாலு கீழேயிருந்து பதிமூன்று மேலே போகப் பதினேழு வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

"பலகையே தப்புன்னா ஆட்டமே செல்லாது முசியே, இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார் ஒருவர்.

முசியே அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சியை உருவிப் பன்னிரண்டில் செருகினார். "ஆட்டம் செல்லும். நாங்க பன்னெண்டு, மதாம் பதினொண்ணு. நான் இந்த வயசுல பொய்க்கணக்குல ஜெயிச்சு என்ன பண்ணப்போறேன்? எடுங்க குட்டியை."

அந்த மனிதர்மேல் அதுவரை இருந்த கோபம் முழுவதும் எனக்கு அந்த நொடியில் போய்விட்டது.

நாக்கு

அவர்களுக்கு ஒன்று போதும். எங்களுக்கு இரண்டு வேண்டும்.

முசியே குட்டியைத் தூரமாக வீசி, தன் முதல் குண்டைக் குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் போட்ட முதல் குண்டு பாதி வழியில் படுத்துக்கொண்டது. இரண்டாவது தட்டுத்தடுமாறிப் போய் ஒரு முழத்தில் நின்றது. முசியேயின் குண்டு நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"கிளிதான் தனம், ஓட்டு" என்றேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் வீசினாள். 'டங்' என்று ஒரு சத்தம். முசியேயின் குண்டு எங்கேயோ போனது. அது இருந்த இடத்தில் தனலட்சுமியின் குண்டு நின்றது. ஒரு நிமிஷம் மைதானமே வாயைப் பிளந்தது.

பிறகு முசியே இரண்டு போட்டார். ஒன்று தாண்டிப் போயிற்று, இன்னொன்று என் குண்டுக்கும் பின்னால் நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு போட்டார், இரண்டும் சரளையில் எகிறி விலகின. குட்டிக்குக் கிட்டே தனலட்சுமியின் குண்டு, அடுத்தது என்னுடையது. அப்படியே நின்றால் பதிமூன்று.

என் வீட்டுக்காரர் கையில் அவர்கள் கட்சியின் கடைசிக் குண்டு. தனலட்சுமியின் குண்டை அடித்துவிட்டு அந்த இடத்தில் நிற்பது என்று முடிவு செய்துவிட்டார். அவருக்கு அது கைவந்த வேலை. பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவர் நிஜமாகக் குறி பார்த்தால் நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஊசியில் நூல் கோத்தாலும் அப்படித்தான், முகம் மழித்தாலும் அப்படித்தான். அன்று நாக்கு வெளியே இருந்தது. நான் பார்த்தேன். குண்டு பறந்தது. தனலட்சுமியின் குண்டை ஒரு நூல் உரசிக்கொண்டு போய் வாய்க்கால் சுவரில் மோதியது.

தனலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். முசியே தொப்பியைக் கழற்றி, "பிராவோ மதாம்" என்று எங்கள் இருவருக்கும் தனித்தனியாகத் தலை வணங்கினார்.

வீட்டுக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரர் வாய் திறந்துவிட்டார். வழியில் பார்த்தவரிடமெல்லாம், "பொண்டாட்டியாச்சே, விட்டுக் குடுத்துட்டேன்" என்று ஒரே சிரிப்பு. அன்றைக்கு வஞ்சிரமீன் குழம்பு. குழம்பு முழுவதையும் தனலட்சுமி வீட்டுக்கு எடுத்துப்போய், அங்கேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அவருக்கு வீட்டில் ரசம் இருந்தது.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் பிலோ" என்றார் ராத்திரி.

"அவ வாரம் பூரா நின்னுக்கிட்டே டேப் ஒட்டிட்டு, ஒரு நாள் வந்து ஜெயிச்சிருக்கா. அதை நீங்க குடுத்ததா சொல்லுவீங்களா? எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொன்னாத்தான் இந்த வீட்டுல மீனு" என்றேன்.

வாசல்

அடுத்த ஞாயிறு நான் போய்ச் சேர்வதற்குள் தனலட்சுமி வந்துவிட்டிருந்தாள். தனியாக அல்ல. அவளோடு அவள் நாத்தனாரும், கம்பெனியில் கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஏதோ விசேஷத்துக்கு வந்ததுபோல் நின்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பத்து மணிக்காகக் காத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் டிரில் மெஷினோடு வந்தார். பலகையை இறக்கிவைத்து நெடுநேரம் பார்த்தார். ஓட்டைகளுக்கு நடுவே சைபரைப் போட இடமே இல்லை. பிறகு பளிச்சென்று நிமிர்ந்தார்.

"நான் போட்ட ஓட்டையில ஒரு தப்பும் இல்ல. பேரு எழுதுனவங்க தப்பு. இதோ, ஒண்ணுக்குப் பக்கத்துல மைனஸ் ஒண்ணுன்னு எழுதியிருக்கே, இதான் சைபர். எல்லாப் பேரையும் ஒரு எடம் தள்ளி எழுதுங்க. கடைசியில இன்னொரு ஓட்டை போட்டா மைனஸ் நாலும் வந்துடும்."

கணக்கு சரி. சைபர் அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, வேறு பெயரில். பெயர் எழுதியவரான முசியே லூர்து பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். கீழ்வரிசையிலும் ஒன்றுக்கு இடப்பக்கம் அதேபோல் ஓட்டைகள் போட்டார் என் வீட்டுக்காரர். மரத்தூள் வாசனை வந்தது.

வேலை முடிந்ததும் பெஞ்சுப் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னைக்கு நான் விட்டுக் குடுக்கல. அடிக்கத்தான் பார்த்தேன். தவறிப் போச்சு. அந்தப் பொண்ணு நெசமாவே ஜெயிச்சுது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மத்தியானம் அவருக்கு மீன் உண்டு.

பெயிண்ட் காய்ந்ததும் முசியே பலகையை மரத்தில் மாட்டி, குச்சிகளைத் தனலட்சுமியிடம் கொடுத்தார். அவள் கை பழக்கத்தில் கொண்டைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. பலகையைப் பார்த்தாள். சைபரின் சிவப்பு வட்டத்துக்கு மேலே இருந்த புது ஓட்டையில் குச்சியைச் செருகி, விழாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, நாத்தனாரிடம் திரும்பினாள்.

"ம், போடுங்க அண்ணி. நாம இங்கருந்துதான் ஆரம்பிக்கிறோம்."